ஆறு கிராம் கண்ணீர்

அந்த ஊரில் ஒரு நாய் புத்தகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் மூன்றாம் மாடி ஏறியாக வேண்டும். சினிமாவுக்குள் நுழைவதென்றாலும் அதே மாடிதான். பூனைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பூனையிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. குதிரையும் கழுதையும் பாட்டுக்கு வந்துவிட்டுப் போகலாம். நாய்க்கு மட்டும் வாரியம் உண்டு. முழுப்பெயர் ‘நூல் மற்றும் திரைப்பட நாய்ச் சித்திரிப்பு நெறிப்படுத்தும் வாரியம்’. சொல்லி முடிப்பதற்குள் நாய் தெருவைத் தாண்டிவிடும் என்பதால் ஊரார் நாய் வாரியம் என்றே சொல்வார்கள்.

வாரியம் வந்த கதை சின்னதுதான். ஒரு பெரிய மனிதர் சினிமா பார்க்கப் போயிருக்கிறார். படத்தில் எஜமான் செத்துப்போகிறான். நாய் இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பசிக்கிறதென்று பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. பெரிய மனிதருக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. நாளைக்கே தான் கண்ணை மூடினால் யார் காத்திருப்பார்கள் என்று ராத்திரி பூராவும் புரண்டிருக்கிறார். அடுத்த மாதம் வாரியம் வந்துவிட்டது. ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஏழு உறுப்பினர்கள், முப்பத்தொரு நாற்காலிகள். இவர்களில் நாய் வளர்த்தவர் ஒருவரும் இல்லை. பாரபட்சம் வந்துவிடக் கூடாதல்லவா.

வாரியத்துக்குக் கொள்கைகள் உண்டு. எஜமான் அடித்தாலும் நாய் அவன் காலை நக்க வேண்டும். எஜமானுக்காகக் காத்திருக்க வேண்டும். கதையின் கடைசிக் கால் பகுதிக்குள் யாருக்காகவாவது உயிரை விட வேண்டும். இவற்றையெல்லாம்விட ஏழாம் கொள்கையைத்தான் வாரியம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. சுவரில் பொன் எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள்: ‘நாய் நல்லவரையும் கெட்டவரையும் அறியும். கெட்டவரை மட்டுமே கடிக்கும்.’

இந்த ஏழாம் கொள்கையால் வந்த வினைதான் இந்தக் கதை.

தபால்காரம்மா இருபத்தாறு வருஷமாகத் தெருத்தெருவாகக் கடிதம் கொடுக்கிறவள். அதில் பதினொரு முறை நாய்க்கடி வாங்கியிருக்கிறாள். இடது கெண்டைக்காலில் நாலு, வலதில் மூன்று, மிச்சத்தை அவளாகச் சொன்னால்தான் உண்டு. பதினொரு தடவையும் வீட்டுக்காரர்கள், “அது ஒண்ணும் பண்ணாதும்மா, தைரியமா வாங்க” என்று சொன்ன பிறகுதான் கடித்தது. அவளுக்கு நாய்களின் மேல் கோபமில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. நாய் கடிப்பதற்கு முன்னால் பல தடவை சொல்லிவிடுகிறது. வால் விறைக்கும், காது பின்னால் படியும், பசியில்லாமலே உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கும். நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவள் தன் தங்கை வீட்டில்தான் குடியிருந்தாள். தங்கைக்கு ஏழு வயதில் ஒரு பெண். வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள், அதற்கு எல்லாத் தகுதியும் உள்ள பிள்ளை. பள்ளிக்கூடத்தில் காட்டிய சினிமா ஒன்றை வாண்டு பார்த்தாள். வாரியம் முத்திரை குத்திய படம். அதில் ஒரு சின்னப் பெண் முரட்டு நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள், நாயின் கண்ணிலிருந்து நீர் வடிகிறது, ஊரே கைதட்டுகிறது. வாண்டு மறுநாள் பட்டறை வாசலில் சங்கிலியில் கட்டியிருந்த நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் எட்டுத் தையல்.

தையல் ஆறிவிட்டது. ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டாள். முடியை முன்னால் இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டு, ஒரு நாள் பெரியம்மாவிடம் மெல்லக் கேட்டாள்.

“பெரியம்மா, நான் கெட்ட பொண்ணா?”

“யாரு சொன்னது?”

“எல்லாரும்தான். நாய்க்குத் தெரியுமாம், யாரு கெட்டவங்கன்னு. சினிமாவுல அந்தப் பொண்ணைக் கடிக்கலையே. என்னைத்தானே கடிச்சுது.”

பட்டறை நாயைக்கூட மன்னித்துவிடலாம், இதை எப்படி மன்னிப்பது?

அன்றே தபால்காரம்மா உட்கார்ந்து எழுதினாள். பழைய படிவங்களின் பின்பக்கத்தில், பதினாறு பக்கம், படத்தோடு. படம் சுமார்தான், ஆனால் விறைத்த வால் விறைத்த வாலாக இருந்தது. ஒரு தபால்காரி தெருத்தெருவாகப் போகிறாள், ஒவ்வொரு நாயும் ஒவ்வொரு விதமாக, ‘கொஞ்சம் தள்ளி நில்’ என்று சொல்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அது புரியாமல் கிட்டே போய்க் கடி வாங்குகிறாள். பத்தாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரே வரி: ‘நாய் நல்லவர்களையும் கடிக்கும்.’ புத்தகத்தின் பெயர் ‘தள்ளி நில்’. அச்சகத்துக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள நாய் இருக்கே. வாரியத்து நம்பர் இல்லாம மெஷின்ல ஏத்தினா என்னைப் போலீஸ் வண்டியில ஏத்திடுவாங்க” என்று கையை விரித்தார்.

ஆகவே மூன்றாம் மாடி.

“நாய் பேரு?” என்றார் குமாஸ்தா.

“பேரு இல்லைங்க. எங்கிட்ட பேரைச் சொல்லிட்டா கடிச்சுது?”

“யாருக்காகச் சாகுது?”

“யாருக்காகவும் சாகலைங்க.”

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். “எந்தப் பக்கத்துலயுமே சாகலையா?”

“பதினாறே பக்கம்தாங்க. எங்க நேரம்?”

“அம்மா, போன வாரம் ஒருத்தர் சமையல் புத்தகம் கொண்டாந்தாரு. அட்டையில ஒரு ஓரமா நாய் உக்காந்திருந்துச்சு. அதுவே ஊறுகாய் அத்தியாயத்துல பாப்பாவைக் காப்பாத்திட்டுச் செத்துப்போச்சு. நீங்க கதைன்னே எழுதிட்டு வந்து சாகலைன்னா எப்படி?”

படிவத்தின் பத்தொன்பதாம் கேள்வி, ‘விண்ணப்பதாரரை நாய் கடித்ததுண்டா? உண்டெனில் அவர் செய்த குற்றங்களின் விவரம்’ என்று இருந்தது. தபால்காரம்மா பதினொன்று என்று எழுதினாள். குற்ற விவரம் என்ற இடத்தில், ‘கடிதம் கொடுத்தேன்’ என்று எழுதினாள். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு அவளுக்கும் தனக்கும் நடுவிலிருந்த கண்ணாடிக் கதவைப் பாதி மூடிக்கொண்டார்.

அடுத்து உடல் பரிசோதனை. புத்தகத்திலுள்ள நாயை வாரியத்து மிருக வைத்தியர் பார்த்தாக வேண்டும். நாய் நேரில் வர முடியாதென்றால் படம் போதும், வைத்தியர் பெருந்தன்மையானவர். நாலாம் பக்கத்து நாயின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“துடிப்பு இல்லையே.”

“காகிதம்தானுங்களே டாக்டர்.”

“எல்லாரும் அதையேதான் சொல்றாங்க,” என்று அலுத்துக்கொண்டு, ‘காது பின்னால் படிந்துள்ளது, எனவே பணிவு உண்டு, வால் விறைத்துள்ளது, எனவே உற்சாகம் உண்டு’ என்று எழுதினார். அந்த இரண்டும் சேர்ந்தால் அடுத்த நொடி பல் பதியும் என்று தபால்காரம்மா சொன்னாள். வைத்தியர் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, படத்துக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டதாக முத்திரை குத்தி அனுப்பினார்.

பிறகு பெரிய அறை. இங்கேதான் கண்ணீர் அளவை நடக்கும். உறுப்பினர்கள் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு வெள்ளைக் கைக்குட்டை. வாசிப்பதற்கு முன்னால் ஏழையும் ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்துக் கூட்டுவார்கள், வாசித்து முடித்ததும் மறுபடி நிறுப்பார்கள். எடை ஆறு கிராமாவது கூடியிருந்தால் நாய் தேறியது. தராசைப் பார்த்துக்கொள்ள ஓர் அளவையர். மனிதர் பதினெட்டு வருஷமாக அதே வேலையில் இருக்கிறார். மழைநாளில் தும்மல் வந்தால் தள்ளுபடி எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

தபால்காரம்மா எழுந்து நின்று பதினாறு பக்கத்தையும் வாசித்தாள். உறுப்பினர்கள் கைக்குட்டையைத் தயாராகப் பிடித்தபடி கடைசிவரை காத்திருந்தார்கள்.

“பூஜ்யம்,” என்றார் அளவையர். பிறகு நேர்மையாக, “நாலாவது ஐயாவோட கைக்குட்டை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. நூல் பிரிஞ்சிருக்கு போல” என்றும் சேர்த்துக்கொண்டார்.

தலைவர் பேச எழுந்தார். நல்ல வாட்டசாட்டமான மனிதர், குரலில் வெண்ணெய் உருகியது.

“அம்மா, உங்க மேல எனக்கு வருத்தம் இல்லை. உங்களுக்கு நாயோட அருமை தெரியலை, அவ்வளவுதான். நாய் எதுக்கு இருக்கு? காவலுக்கா? கடிக்கிறதுக்கா? இல்லவே இல்லை. குழந்தைங்களுக்குப் பாடமா இருக்கு. அடிச்சாலும் காலைச் சுத்தும். சோறு போடாட்டியும் வாசல்லயே கிடக்கும். ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேட்காது. இந்தச் சினிமாவையும் புத்தகத்தையும் பார்த்து வளர்ற குழந்தை நாளைக்குப் பெரியவனாகி நம்ம ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கும்போது எப்படி நிக்கும்? அமைதியா நிக்கும். நாலு வருஷம் ஆனாலும் நிக்கும். போன்னா போகும், வான்னா வரும். நீங்க என்னடான்னா, பிடிக்கலைன்னா உறுமலாம், தள்ளி நில்லுன்னு சொல்லலாம்னு நாயை வெச்சுச் சொல்லித் தர்றீங்க. இதைப் படிச்சிட்டு எல்லாரும் உறும ஆரம்பிச்சா நாங்க எங்க போறது?”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அந்தப் பேச்சுக்கு மூன்று கிராம் தேறியதாக அளவையர் முணுமுணுத்தார்.

“நாய்னா எப்படி இருக்கணும்னு பாருங்க,” என்று தலைவர் விரலைச் சொடுக்கினார். வாரியத்தின் முன்மாதிரி நாயை அழைத்து வந்தார்கள். பதினாலு படத்தில் நடித்து, பதினாலிலும் செத்த நாய். கழுத்தில் பதக்கம். வயதாகிவிட்டது. பின்னங்கால் ஒன்றைத் தரையில் முழுதாக ஊன்றாமல் வந்து நின்றது. நாள் முழுக்கப் பார்வையாளர்கள் வந்து கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். தபால்காரம்மா அதன் முகத்தைப் பார்த்தாள். நாக்கு உதட்டை ஒரு தடவை நக்கியது. மறுபடி நக்கியது. தலை அந்தப் பக்கம் திரும்பியது, கண் மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

“சார், கிட்ட போகாதீங்க. அதுக்கு இடுப்பு வலிக்குது. வேண்டாம்னு சொல்லுது, பாருங்க.”

“எனக்குத் தெரியாதா?” என்று சிரித்த தலைவர், குனிந்து அதன் இடுப்போடு சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டார்.

நாய் அவர் மணிக்கட்டைக் கடித்தது. பெரிய கடி ஒன்றுமில்லை. விட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

எல்லோர் கண்ணும் முதலில் மணிக்கட்டுக்குப் போயிற்று, பிறகு சுவரில் இருந்த ஏழாம் கொள்கைக்குப் போயிற்று, பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. தபால்காரம்மாதான் ஓடிப்போய் ஓர் உறுப்பினர் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கித் தலைவருக்குக் கட்டுப் போட்டாள். பழகிய கை.

“ரெண்டு நாளைக்கு எரியும். ஊசி மட்டும் போட்டுக்கங்க சார்,” என்றாள். முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டாள்: “இப்ப நீங்க கெட்டவரா?”

தலைவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

“கெட்டவர்னு நான் சொல்லலை சார். அதுக்கு வலிச்சுது, கடிச்சுது. அதுல நல்லவரு கெட்டவரு கணக்கே இல்லை. எங்க வீட்டுல ஏழு வயசுப் பிள்ளை முடியால மூஞ்சியை மூடிக்கிட்டு உக்காந்திருக்கு. அதுகிட்ட இதை மட்டும்தான் சொல்லணும். அதுக்குத்தான் பதினாறு பக்கம்.”

செயலாளர் கெட்டிக்காரர். உடனே வாரியம் அவசரக் கூட்டமாக மாறியது. அதே ஆட்கள், அதே நாற்காலிகள், தலைப்பு மட்டும் வேறு. கால் மணி நேரம் விவாதித்து நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினார்கள்: ‘முன்மாதிரி நாய் மிகுந்த அன்பினால் தலைவரின் மணிக்கட்டைத் தன் பற்களால் வணங்கியது. தலைவர் அவ்வணக்கத்தை ஏற்றுக்கொண்டார்.’ அதற்குள் அளவையர் கடமை தவறாமல் கைக்குட்டைகளைத் திரும்ப வாங்கி நிறுத்துவிட்டிருந்தார். கட்டுப் போட்ட கைக்குட்டை ரத்தத்தில் நனைந்து நன்றாகக் கனத்திருந்தது.

“ஏழு கிராம்,” என்று அறிவித்தார். “ஈரம்னுதான் விதியில இருக்கு. என்ன ஈரம்னு இல்லை.”

ஆக, புத்தகம் தேறிவிட்டது. செயலாளர் முகமெல்லாம் பல்லாக அவளைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“உங்க நல்ல நேரம்மா. அனுமதி உண்டு. சின்னச் சின்னத் திருத்தம்தான். நாய் கடைசியில செத்துடட்டும், வலியில்லாமகூடச் சாகட்டும், நாங்க ஒண்ணும் கல்நெஞ்சுக்காரங்க இல்லை. அப்புறம் அந்த ஒன்பதாம் பக்கத்துப் பொண்ணு. அவ முன்னாடி ஏதாவது தப்புப் பண்ணியிருக்கணும். பெருசா வேண்டாம். ஒரு பொய். ஒரு பென்சில் திருட்டு. உங்க வசதி எப்படியோ.”

“அவ பென்சில் திருடலைங்க.”

“கதைதானேம்மா?”

“கதையிலயும் திருடலை.”

“ஒரே ஒரு பென்சில்...”

“துண்டுப் பென்சில்கூடத் திருட மாட்டா!” தபால்காரம்மா எழுந்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாயிடம்கூட அவள் குரல் இப்படி உயர்ந்ததில்லை. “உங்க அனுமதியை நீங்களே வெச்சுக்கங்க. அந்தப் பிள்ளையைத் திருடின்னு எழுதித்தான் என் புத்தகம் வரணும்னா, வரவே வேண்டாம்.”

செயலாளரின் பல் உள்ளே போயிற்று. “நிராகரிச்சா என்ன ஆகும்னு தெரியுமா? சும்மா திருப்பிக் கொடுத்துட மாட்டோம். தவறான கருத்து பரவிடக் கூடாதுன்னு எச்சரிக்கைச் சுற்றறிக்கை போகும். எந்தெந்த வரியை நம்பக் கூடாதோ, அந்த வரியெல்லாம் அப்படியே அச்சடிச்சு, ஊர்ல இருக்கிற ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் பதிவுத் தபால்ல அனுப்புவோம். வகுப்பு வகுப்பா உரக்க வாசிச்சு, இதை நம்பாதீங்கன்னு சொல்லி, டீச்சர் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். உங்க மானம் கப்பலேறிடும்மா.”

தபால்காரம்மா மறுபடி உட்கார்ந்தாள்.

“எல்லாப் பள்ளிக்கூடத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்!”

“அச்சடிச்சா?”

“எங்க சொந்த அச்சகத்துலதான். நல்ல தாள்ல.”

“முழுப் புத்தகமும் போகுமா?”

“அதெப்படி? ஆட்சேபகரமான வரிங்க மட்டும்தான்.”

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அப்ப வாங்க சார், ஒவ்வொரு வரியா பார்த்துடுவோம். எதையாவது விட்டுட்டீங்கன்னா நாளைக்கு உங்க பேர்தான் கெடும்.”

செயலாளருக்கு இப்படி ஒத்துழைக்கும் எழுத்தாளரை அதுவரை பார்த்த பழக்கமில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்தில் ‘காலையில் தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது’ என்று ஒரு வரி. அதில் என்ன தப்பு என்றார் செயலாளர். “காலை நேரத்துல காவல் காக்காம படுத்திருக்கே சார்?” என்றாள் அவள். “அட, ஆமாம்!” என்று சிவப்பு மையில் கோடு போட்டார். படங்களை அவர் விட்டுவிடப் பார்த்தார். படமில்லாவிட்டால் எந்த மாதிரி வாலை நம்பக் கூடாதென்று டீச்சருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். படங்களும் சேர்ந்தன. கடைசியில் பதினாறு பக்கமும், அட்டையும், விலை போடாத பின்னட்டையும் ஆட்சேபகரம் என்று தீர்மானமாயிற்று. செயலாளர் அவளுக்கு ஒரு காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் தபால் நிலையத்துக்கு மூட்டைகள் வந்து இறங்கின. வழவழப்பான தாள். அவளது நாய்கள் அவ்வளவு அழகாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. அவள் பங்குக்கு இருபத்துமூன்று பள்ளிக்கூடம். முதல் உறையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், மூலையில் இருந்தவளிடம், “கிளம்பு. உன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தபால் இருக்கு. உள்ள வர வேண்டாம், வாசல்ல நில்லு போதும்” என்றாள். வாண்டு முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, பெரியம்மாவின் பைக்குப் பின்னால் ஒளிந்தபடி வந்தாள்.

வாண்டுவின் வகுப்பில் டீச்சர் உறையைப் பிரித்தாள். வாசித்து முடித்த பிறகு கையெழுத்து வாங்கிப் போக வேண்டும் என்பதால் தபால்காரம்மா வகுப்பு வாசலிலேயே நின்றாள். டீச்சர் உரக்க வாசித்தாள். விறைத்த வால், பின்னால் படிந்த காது, உதட்டை நக்குவது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும், ‘இதை நம்பக் கூடாது’ என்று வாரியம் அச்சடித்திருந்தது; அதையும் விடாமல் வாசித்தாள். பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தார்கள். பத்தாம் பக்கம் வந்தது.

“நாய் நல்லவர்களையும் கடிக்கும்,” என்று வாசித்தாள் டீச்சர். “இதை நம்பக்...”

நிறுத்திவிட்டாள். தாளைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். அங்கே பழைய தழும்பு ஒன்று, நாலு புள்ளியாக.

“எனக்கு ஒன்பது வயசு அப்போ,” என்றாள். “இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.”

பிறகு முன்வரிசையில் ஒருத்தி காலுறையைக் கீழே தள்ளினாள். “டீச்சர், எனக்கு இங்க.” பின்னாலிருந்து ஒருவன் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான். “எனக்கு ரெண்டு டீச்சர், ரெண்டு!” கை, கால், முழங்கை, ஒரு காது மடல். இத்தனை நாளாய் மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்து, யாருடையது பெரிது என்று சண்டையே மூண்டுவிட்டது.

தபால்காரம்மாவின் பை ஒரு பக்கமாக இழுபட்டது. வாண்டு அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு கையாலும் முடியை அள்ளிக் காதுக்குப் பின்னால் செருகினாள்.

“தள்ளுங்கடா,” என்றாள். “என்னுது எட்டுத் தையல்.”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றறிக்கையோடு வந்த சான்றிதழில் ‘பிள்ளைகள் ஒருவரும் நம்பவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். தபால்காரம்மா அதைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.